பொங்கல் விருந்தும் கூண்டுக் கோழியும்: பெங்களூருத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இராமமூர்த்தி நகரிலும் எலக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய புதிய குடியிருப்புகளிலும் வாழும் தமிழர்கள், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தத்தம் அமைப்பின் பெயரால் கூடிப் பொங்கல் விழா நடத்துகிறோம். கோலப் போட்டி, பிள்ளைகளின் குறள் ஒப்புவித்தல், பட்டிமன்றம், அதன்பின் பகல் விருந்து என்பதே பெரும்பாலான இடங்களில் நிகழ்ச்சி நிரல். அவ்விருந்தில் கோழி பிரியாணி இடம்பெறுவது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வரும் பொங்கல் முதல் அவ்விருந்தைக் காய்கறி, பருப்பு, தானியங்களால் மட்டுமே அமைக்க வேண்டும் என்றும், பண்ணை விலங்குகள்மீது நாம் கொண்ட இரக்கமே அதற்குக் காரணம் என்பதை அழைப்பிதழிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

இவற்றுள் இரண்டாவது கோரிக்கையை நான் முதலாவதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். காரணத்தைச் சொல்லாமல் கறியை மட்டும் நிறுத்தினால், இந்நகரில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் வேறொரு காரணத்தை மக்கள் தாமாகவே பொருத்திக்கொள்வார்கள். பெங்களூருவில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் அந்தக் காரணத்தை நன்கு அறிவார்கள். சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டுமே வீடு என்று சொல்லும் உரிமையாளர், வாயால் உணவைக் கேட்டாலும் மனத்தால் சாதியைக் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வாசலிலிருந்தே திரும்பிய குடும்பங்கள் உங்கள் உறுப்பினர் பட்டியலிலும் இருக்கும். தீட்டு, தூய்மை, உயர்வு, தாழ்வு ஆகியவற்றின் பெயரால் கடைப்பிடிக்கப்படும் புலால் மறுப்பில் விலங்குக்கு இடமே இல்லை. அங்கே அக்கறையெல்லாம் உண்பவரின் மேன்மையைப் பற்றியது. நான் கேட்பது கூண்டில் நிற்கும் கோழிக்காக. அண்டை வீட்டாரை இழிவாகப் பார்ப்பதால் எந்தக் கோழியும் பிழைத்ததில்லை. எனவே, என் கோரிக்கையை ஏற்பவர்கள் அதை எவருக்கும் எதிரான அடையாளமாக மாற்றிவிடக் கூடாது என்று தொடக்கத்திலேயே வேண்டிக்கொள்கிறேன்.

என் சொந்த ஊர் இராசிபுரம் பக்கத்தில் உள்ள ஒரு கிராமம். நாமக்கல் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கோழிப்பண்ணை என்பது மாமன் வீட்டுத் தோட்டத்தில் இருப்பது. தூண்களின்மேல் நீளமாக ஓடும் கொட்டகையும், இருபுறமும் படிப்படியாக அடுக்கிய கம்பிக் கூண்டுகளும், அவற்றின் கீழே குவியும் எருவும், கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடியும் எனக்குச் சிறுவயது முதலே பழக்கமானவை. அங்கே உழைப்பவர்களை நான் ஒருபோதும் கொடியவர்களாகக் கண்டதில்லை. சித்திரை வெயிலில் கூரைமேல் தண்ணீர் தெளித்து, குடிநீரில் மருந்து கலந்து, மின்சாரம் போகும் இரவுகளில் விழித்திருந்து கோழிகளைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களையே கண்டிருக்கிறேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து கோழிப்பண்ணையாளர்களுக்காக வெளிவரும் வானிலை அறிக்கைகளை நாளிதழ்களில் படிப்பவர்களுக்கு "வெப்ப அயற்சி" என்ற தொடர் அறிமுகமானது. வெயிலில் சாகும் கோழிகளுக்கான பெயர் அது. அத்தனை பாடுபட்டும் துன்பம் குறைவதில்லை, ஏனெனில் அது வளர்ப்பவரின் குணத்திலிருந்து வருவதன்று. வளர்க்கும் முறையிலேயே அடங்கியிருக்கிறது.

அந்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, முட்டை வாங்குவோரில் பெரும்பாலோர் அதை நேரில் பார்த்ததில்லை. முட்டைக்கோழி இனத்தில், குஞ்சு பொரிக்கும் அன்றே பாதிக் குஞ்சுகள் வேண்டாதவை ஆகிவிடுகின்றன. சேவல் முட்டையிடாது, முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இனத்தின் சேவல், கறிக்காக வளர்த்தால் கட்டுப்படியாகும் அளவுக்கு எடையும் போடாது. ஆகவே பொரிப்பகத்தில் ஆணும் பெண்ணும் பிரிக்கப்பட்டவுடன் ஆண் குஞ்சுகள் கொல்லப்படுகின்றன. திருவிழாக் கடைகளிலும் தெருமுனைகளிலும் பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிக் குழந்தைகளுக்கு விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் அப்படிப் பிரித்தெடுக்கப்பட்ட ஆண் குஞ்சுகள்தாம்; அவையும் சில நாட்களுக்குமேல் பிழைப்பது அரிது. பெண் குஞ்சுகளுக்கு, நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருப்பதற்காக, சூடேற்றிய தகட்டால் அலகு நுனி வெட்டப்படுகிறது. நுனி அலகில் நரம்பு உண்டு. அதனால்தான் கோழியால் தவிட்டுக்குள் கிடக்கும் ஒரு குருணையைத் தொட்டு அறிய முடிகிறது.

ஏறத்தாழ நான்கு மாத வயதில் கூண்டுக்குள் ஏற்றப்படும் கோழி, ஒன்றரை வயது அளவில் முட்டை குறைந்து விற்கப்படும்வரை அதிலிருந்து இறங்குவதில்லை. சிறகை முழுமையாக விரிக்க அதற்கு இடம் கிடையாது. கிளறுவதற்கு மண் கிடையாது, புரள்வதற்குப் புழுதி கிடையாது, இரவில் ஏறி உட்காரக் கிளையும் கிடையாது. கிராமத்து வீட்டில் நாட்டுக்கோழி முட்டையிட இடம் தேடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். அது குரல் கொடுத்துக்கொண்டே வைக்கோற்போரின் இடுக்கையும் விறகுக் குவியலின் மறைவையும் அடுக்களை மூலையையும் ஆராயும். மனிதர் நடமாட்டம் இருந்தால் பொறுத்திருக்கும். அதன் தவிப்பைக் கண்டு நம் பாட்டிமார் பழைய கூடையில் உமி போட்டு வைப்பார்கள். கூண்டுக் கோழிக்கும் அதே தவிப்பு ஒவ்வொரு முட்டைக்கு முன்பும் வருகிறது. ஆனால் அது சுற்றிலும் மற்ற கோழிகள் மிதிக்க, சரிவான கம்பித் தளத்தின்மேல் நின்று முட்டையிடுகிறது. முட்டை உருண்டு வெளியே போகிறது. காட்டுக்கோழி ஆண்டுக்கு 10 முதல் 15 முட்டைகள் இடும். அதன் வழித்தோன்றலான பண்ணைக்கோழி 300-க்கு மேல் இடுகிறது. அத்தனை ஓடுகளுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி அதன் எலும்பிலிருந்தே எடுக்கப்படுவதால், விற்பனைக்காகக் கூண்டைவிட்டு இழுக்கும்போது கால் எலும்பும் சிறகெலும்பும் முறிவது சாதாரணமாக நடக்கிறது.

கறிக்கோழிக்குக் கூண்டு இல்லை. அதன் உடலே அதற்குத் துன்பமாக அமைந்துவிட்டது. ஆறு வாரங்களுக்குள் இரண்டு கிலோவைத் தொடும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட அந்த உயிரின் கால்களும் இதயமும் அந்த எடையோடு சேர்ந்து வளர்வதில்லை. பிரியாணிக்கு வரும் கோழி, இறகு முளைத்த பின்னும் கீச்சென்று கத்தும் ஒரு குஞ்சுதான். பல்லடம், உடுமலைப் பகுதிகளில் இத்தொழில் ஒப்பந்த முறையில் நடக்கிறது: நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது, கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை, அவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கிறது. அந்தக் கூலியை உயர்த்தக் கோரி அவர்கள் போராடுவதையும் பார்த்து வருகிறோம். குறைந்த விலைக்குக் கோழி வேண்டும் என்ற நம் விருப்பத்தின் சுமை, கோழியின்மேலும் அதை வளர்ப்பவரின்மேலும் ஒருசேர விழுகிறது.

அரசு பார்த்துக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-இல், போதிய அசைவுக்கு இடமில்லாத கூண்டில் ஒரு விலங்கை அடைத்து வைப்பது குற்றம் என்று அன்றே சொல்லிவிட்டது. முதல் முறை அக்குற்றம் செய்பவருக்கான அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அது இன்றும் அப்படியே இருக்கிறது. முட்டைக்கோழி, கறிக்கோழி ஆகியவற்றின் நிலை குறித்து மத்தியச் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையை அளித்தது. அதன்பின் 2023-இல் முட்டைக்கோழிகளுக்கான விதிகள் வந்தன. அவ்விதிகளின்படி ஒரு கோழிக்குத் தர வேண்டிய தளப் பரப்பு 550 சதுர சென்டிமீட்டர். நம் அலுவலகங்களில் அச்சிடப் பயன்படுத்தும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, சீர்திருத்தம் என்ற பெயரில், ஓர் உயிரின் வாழ்நாள் முழுமைக்கும் ஒரு தாளைவிடச் சிறிய இடம் போதும் என்று முடிவாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெறுங்கூண்டுகளை 2012-இலேயே தடைசெய்துவிட்டது. ஆண் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 முதல் நிறுத்திவிட்டது. இறைச்சிக்கூட விதிகள் வந்த 2001-ஆம் ஆண்டு முதல், ஒரு விலங்கின் கண்முன்னே இன்னொன்றை வெட்டக் கூடாது என்ற விதியும் நம் நாட்டில் இருக்கிறது. நம் தெருமுனைக் கடையில் கோழிகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, கத்தி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தால் அவ்விதியின் மதிப்பு தெரியும். சட்டம் போதுமானதாக இருந்திருந்தால், நான் இம்மடலை உங்களுக்கு எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

தமிழ் அமைப்புகளுக்கு இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறுதழுவுதல் வழக்கில் 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் முடிவோடு நம்மில் பலர் மாறுபட்டோம். 2017 தை மாதத்தில் மெரினாவில் கூடியவர்களுக்கு நாம் இங்கிருந்தே துணை நின்றோம். காளையை நாங்கள் பெற்ற பிள்ளையைப் போல் வளர்க்கிறோம் என்பதே அன்று நம் வாதத்தின் உயிர். அந்த அன்பை நான் ஐயுறவில்லை. அதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அதே தீர்ப்பில், பசி தாகமின்மை, உடல் நலிவின்மை, வலியும் நோயும் இன்மை, அச்சமின்மை, இயல்பாக நடந்துகொள்ளும் உரிமை என்று விலங்குகளுக்கான ஐந்து விடுதலைகளை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காளைக்கு இவை அனைத்தையும் நாங்கள் தருகிறோம் என்று வாதிட்ட நாம், அவற்றில் பெரும்பாலானவை கிடைக்காத கோழியை அந்தத் தை மாதத்து விழாவிலேயே விருந்தாக வைப்பது எனக்குப் பொருந்தாததாகத் தோன்றுகிறது.

எண்ணிக்கையையும் நாம் கருத வேண்டும். 2019-இல் நடந்த இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 19.25 கோடி மாட்டினங்களும் 14.89 கோடி வெள்ளாடுகளும் இருந்தன, கோழியினம் 85.18 கோடி. மாநிலங்களுள் தமிழ்நாடே கோழி எண்ணிக்கையில் முதலிடம். அதுவும் ஒரு நேரத்தில் உயிரோடிருந்தவற்றின் கணக்குதான். கறிக்கோழிக் கொட்டகை ஆண்டுக்கு ஐந்தாறு முறை நிரம்பிக் காலியாவதால், ஓராண்டில் வந்துபோகும் உயிர்கள் இதைவிட மிகப் பல. நகர்ப்புறத் தமிழ்க் குடும்பங்களில் ஆட்டுக்கறி உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதால் கோழிக்கு மாறியவர்கள் ஏராளம். அது ஒருவகை விரதம் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். ஒரு வெள்ளாட்டில் ஏறத்தாழ பத்துக் கிலோ கறி தேறும். ஒரு கறிக்கோழியில் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாகவே தேறும். ஓர் ஆட்டைத் தவிர்த்தவர் ஏழு கோழிகளை அதன் இடத்தில் வைத்திருக்கிறார். உடல்நலத்தை மட்டும் காரணமாகக் கொண்டால் இப்படித்தான் முடியும். காந்தியடிகள் 1931-இல் லண்டனில் உள்ள சைவ உணவுச் சங்கத்தில் பேசியபோது, உடல்நலத்துக்காக மட்டும் புலால் விட்டவர்களில் பெரும்பாலோர் பின்வாங்கிவிட்டதைச் சுட்டிக்காட்டி, அதற்கு அறம் சார்ந்த அடித்தளம் வேண்டும் என்று வலியுறுத்தினார். காரணத்தை அழைப்பிதழில் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனாலும்தான்.

ஒருவர் நிறுத்துவதால் என்ன ஆகிவிடும் என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. இதற்குப் பதிலைத் தமிழர்கள் ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிறார்கள். புரட்டாசி பிறந்ததும் நம் வீடுகளில் கறியும் முட்டையும் நின்றுவிடுகின்றன. கன்னட மக்கள் அதற்கு முந்தைய சிராவண மாதத்தில் அவ்வாறே செய்கிறார்கள். உடனே நாமக்கல் மண்டலத்தில் முட்டைக் கொள்முதல் விலை இறங்குவதும், பல்லடத்தில் கறிக்கோழி விலை சரிவதும் நாளிதழ்ச் செய்திகளாகின்றன. தேவை குறையும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் குஞ்சு விடுவதைக் குறைக்கும் பண்ணைகளும் உண்டு. தனித்தனி வீடுகளில், எவரும் எவரையும் கட்டாயப்படுத்தாமல், ஒரு மாதம் மட்டும் கடைப்பிடிக்கும் நோன்பு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கொட்டகை வரை போய்ச் சேர்கிறது. தின்பதற்கென்று வாங்குவோர் இல்லாவிட்டால் விலைக்கென்று ஊன் விற்போரும் இருக்கமாட்டார்கள் என்று வள்ளுவர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2009-இல் அல்சூர் ஏரிக்கரையில் அவர் சிலை திறக்கப்பட்ட நாளை இந்நகரத் தமிழர்கள் எவ்வளவு பெருமையோடு கொண்டாடினோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். புலால் மறுத்தலை அவர் துறவறவியலில்தானே வைத்தார், இல்லறத்தாருக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையான கேள்விதான். அவர் வைத்த இடத்தை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆயினும் வாங்குவோரையும் விற்போரையும் பற்றிய அந்தக் கூற்று சந்தைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது.

சங்ககாலத் தமிழர் ஊன் உண்டனர். இதை மறைப்பதோ, புலால் உண்ணாமையே பழந்தமிழர் வழக்கம் என்று கதை கட்டுவதோ தேவையில்லை. வேட்டையாடியும் மேய்த்தும் உண்ட அந்த மக்களின் வாழ்வில் கம்பிக் கூண்டு இல்லை. தமிழகத்துச் சமணரும், அவர்களுக்கு வெகுகாலம் பின் வடலூரில் 1867-இல் தருமசாலை தொடங்கி அடுப்பை ஏற்றி வைத்த வள்ளலாரும், உயிர் இரக்கத்தைத் தமிழில்தான் பேசினார்கள். வள்ளலார் அந்த இரக்கத்தைப் பசித்த மனிதரிடமிருந்து தொடங்கினார் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

ஏனெனில், நான் வைக்கும் கோரிக்கை தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்களை நோக்கியது. கர்நாடக அரசுப் பள்ளிகளில் முட்டை வழங்கும் திட்டம் 2021-இன் இறுதியில் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, சில மடாதிபதிகள் அதை எதிர்த்தார்கள். வேறெந்த நல்ல புரதமும் கிடைக்காத பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்வது எனக்கு உடன்பாடன்று. அந்தப் பிள்ளைக்கு அதற்கு இணையான உணவை அரசு தர முடிகிற காலத்தில்தான் அதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு வரும். சம்பள நாளில் மட்டும் கறி எடுக்கும் தொழிலாளியின் வீட்டு அடுப்பைப் பற்றியும் நான் பேசவில்லை. மாதம் முழுவதும் வீட்டு வாசலுக்கே உணவை வரவழைத்து உண்ணும் நம்மைப் போன்றவர்களைப் பற்றியும், நாம் சேர்ந்து நடத்தும் விருந்தைப் பற்றியுமே பேசுகிறேன்.

அதேபோல், தடைகளிலும் எனக்கு நம்பிக்கையில்லை. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு 2003-இல் கடுமையாகச் செயல்படுத்த முனைந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை ஐயனாருக்கும் முனியப்பனுக்கும் கிடா வெட்டும் ஏழைக் குடியானவரின் கையைப் பிடிக்க வந்த அரசு, லட்சக்கணக்கில் கோழிகளை அடைத்து வைத்த கொட்டகைகளின் பக்கம் திரும்பவில்லை. பெங்களூருவில் காந்தி ஜயந்தியன்றும் மகாவீர் ஜயந்தியன்றும் கறிக்கடைகளை மூடச் சொல்கிறார்கள். முதல் நாள் மாலையில் அதே கடைகளில் கூட்டம் நிற்கிறது. மனம் மாறாத இடத்தில் பூட்டுப் போடுவதால் விலங்குக்கு ஒரு நாள் தள்ளிப்போவதைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை.

பாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கறி உண்ணாதவர்கள் பெரும்பாலும் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பசு கன்று ஈன்றால்தான் பால். ஈன்றவற்றில் பாதி காளைக் கன்றுகள். உழவுக்கு டிராக்டர் வந்தபின், கலப்பினக் காளைக் கன்றை வளர்த்துத் தீவனம் போட எந்தச் சிறு விவசாயிக்கும் கட்டுப்படியாகாது; கர்நாடகத்தில் 2020-ஆம் ஆண்டின் சட்டம் பசுவினத்தை வெட்டுவதைத் தடுத்துவிட்டாலும், அக்கன்றுக்குத் தாய்ப்பால் கிடைக்க அச்சட்டத்தில் வழியில்லை. கன்று செத்த பசுவின் முன் வைக்கோல் திணித்த தோல்கன்றை நிறுத்திப் பால் கறப்பதை நம்மில் பலர் ஊரில் பார்த்திருப்போம். பசு அதை நக்கிக் கொடுக்கும். அதனால்தான், சைவ உணவு உண்பவர்கள் தங்கள் கை முற்றிலும் தூயது என்று மற்றவர்களிடம் பேசக் கூடாது என்று கருதுகிறேன். பொங்கல் விழாவில் பால் பொங்குவதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பால்கோவாவும் பனீரும் நெய்யும் நிறைந்த விருந்தை வைத்துவிட்டு இரக்கத்தின் பெயரைச் சூட்டாதீர்கள் என்றே கேட்கிறேன். அந்த ஒரு பானைப் பாலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்படியானால் எதைப் பரிமாறுவது என்றால், அதற்கு இந்த ஊரும் இந்தப் பருவமும் கொடுத்து வைத்தவை. மார்கழியிலும் தையிலும் பெங்களூருச் சந்தைகளில் அவரைக்காய் குவிகிறது, அதற்கென்றே மேளாவும் நடக்கிறது. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பு, கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கறிக்குழம்புக்கு நிகரானது. அதே மசாலாவை அரைத்துத்தான் வைப்பார்கள். கன்னட நண்பர்கள் அதையே ஹிதிகிபேளே சாறு என்பார்கள். ராகிக் களியும் கொள்ளுச் சாறும் இரு மாநிலத்தாருக்கும் பொதுவானவை. கொங்கு நாட்டவருக்குப் பச்சைப்பயறு கடைசலும் அரிசிம்பருப்புச் சோறும், நெல்லையாருக்குச் சொதியும், மதுரைப் பக்கத்தவருக்கு மொச்சைக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பின் கருவாடில்லாத வடிவமும், செட்டிநாட்டாருக்குக் காளான் மிளகு வறுவலும் வைக்கலாம். பிரியாணி இல்லாமல் இளைஞர்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சினால், சீரகச் சம்பா அரிசியில் பலாமூசு பிரியாணி செய்யுங்கள். பிஞ்சுப் பலாவின் சதைப்பற்று மசாலாவை நன்றாக ஏற்கும். தைக்குள் பிஞ்சு கிடைக்காவிட்டால் மீல்மேக்கர் போதும். ஒரு செய்தியை மட்டும் கூடவே சொல்லிவிடுவது நல்லது: முட்டையும் பாலும்கூட விடுபவர்கள் பி12 உயிர்ச்சத்தை மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும். செடிகளில் அது கிடைப்பதில்லை. இதை மறைத்துவிட்டு மற்றவர்களை அழைப்பது நாணயமாகாது.

நான் கேட்பவை நிறைவேற்றக் கடினமானவை அல்ல. மார்கழியில் நடக்கும் செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எதிர்ப்பவர்களை முழுவதும் பேச விடுங்கள். ஏற்றுக்கொண்டால், "பண்ணை விலங்குகள்மீது கொண்ட இரக்கத்தால் இவ்விருந்து காய்கறி உணவாக அமைகிறது. அவரவர் வீட்டு உணவு அவரவர் உரிமை" என்ற இரண்டு வரிகளை அழைப்பிதழில் அச்சிடுங்கள். உறுப்பினர்களில் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், உணவைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று அதே கூட்டத்தில் உறுதி கூற வேண்டும். இது இல்லாமல் அந்த இரண்டு வரிகளுக்கு மதிப்பில்லை. கூண்டுப் பரப்பு விதிகள் இம்மாநிலப் பண்ணைகளில் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று ஆய்வு செய்யும்படியும், தெருமுனைக் கடைகளில் உயிர்க் கோழிகளை வெட்டும் இடத்திலிருந்து மறைத்து வைக்கச் செய்யும்படியும் கர்நாடகக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் மாநகராட்சிகளுக்கும் அமைப்புகள் சேர்ந்து கடிதம் எழுதலாம். அதன் தமிழ், கன்னட வரைவுகளை நான் எழுதித் தருகிறேன்.

கூட்டம் நடக்கும் நாளைத் தெரிவித்தால் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் அணியமாக இருக்கிறேன். ஐந்நூறு பேருக்குப் பிதுக்கம்பருப்பு என்றால் முதல் நாள் இரவே அவரையை ஊறவைத்துப் பிதுக்கியாக வேண்டும். அது பலர் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால், என் குடும்பத்தாரும் நண்பர்களும் அன்று மாலையே மண்டபத்துக்கு வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
இராமமூர்த்தி நகரில் வாழும் இராசிபுரத்துத் தமிழர் ஒருவர்